பகர அடைப்பு

காசிமேட்டுச் சங்கக் கட்டடத்தின் மாடி.
கீழே ஐஸ் உடைக்கும் மிஷின் ஓயும் இடைவெளியில்தான்
எனக்கு யோசனை ஓடும்.

புயல் நிவாரணப் படிவம், வீட்டுக்கு ஒன்று.
உறுப்பினர் பெயருக்கு ஒரு பெட்டி,
'இன்னொருவரைச் சேர்' என்று ஒரு பொத்தான்.
அழுத்த அழுத்தப்
பெட்டிக்குக் கீழே பெட்டி முளைக்கும்.
அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

மூன்றாம் நாள் தேசராணி படியேறி வந்தாள்.
அன்னக்கூடையைக் கதவோரம் இறக்கினாள்.
"இன்னாம்மா இது,
ஏழு பேரு எழுதிக் குடுத்தோம்.
அரிசிச் சீட்டு யோகித் பேர்ல மட்டும் வந்துகீது.
மூணு வயசு அவனுக்கு.
அவனா வலை இழுக்கறான்?"

பட்டியலைத் திறந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
வீட்டுக்கு ஒரே ஆள்,
கடைசியாக எழுதப்பட்ட ஆள்.
கைக்குழந்தைகள், கடைக்குட்டிகள்,
ஒரு வீட்டில் மட்டும்
காக்கிநாடாவிலிருந்து வந்து தங்கிப்போன மைத்துனன்.

ஏழு பேரும் போனார்கள்தான்.
எல்லாப் பெட்டிக்கும் நான் வைத்தது ஒரே பெயர்;
சர்வர் அந்தப் பெயருக்குப் போட்டது ஒரே நாற்காலி.
ஒருவரை எழுப்பிவிட்டு அடுத்தவர்,
அவரை எழுப்பிவிட்டு அடுத்தவர்,
கடைசியில் யோகித், காலாட்டிக்கொண்டு.

பிழை என்று ஒரு வரி வரவில்லை. எச்சரிக்கையும் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே எண்ணூர் சாலையில்
காலையிலிருந்து நகராத கண்டெய்னர் லாரிகள்.
ஒன்றின் முதுகில் ஒன்று முட்டி நின்றாலும்
எதுவும் எதையும் அழிக்கவில்லை.

நான் விட்டது இரண்டே குறி.
ப-வைச் சாய்த்து ஒன்று,
எதிரே திருப்பிச் சாய்த்து ஒன்று.
நடுவில் எதுவும் எழுத வேண்டாம்.
அந்தக் காலி இடத்தைப் பார்த்தால்தான்
வருவது ஓர் ஆள் இல்லை, வரிசை என்று
சர்வருக்கு உறைக்கும்.

போட்டேன்.
அழிந்த பெயர்கள் அதனால் திரும்பிவிடாது.
ஜீவரத்தினம் நகரில் தொடங்கி வீடுவீடாக
நானும் ரோசலினும் மறுபடி கேட்டு எழுதினோம்.
பூச்சியத்தில் பாளையம், ஒன்றில் தேசராணி,
இரண்டில் எல்லப்பன், மூன்றில் கஜலட்சுமி,
நான்கில் வேலுநாதன், ஐந்தில் ஹரிணி,
ஆறில் அந்தப் பயல்.

அடுத்த வாரமும் கூடை கதவோரம் இறங்கியது.
இந்த முறை சிரித்துக்கொண்டிருந்தாள்.
"நானும் எங்க வூட்டுக்காரரும் கடலுக்குப் போறமாம்.
பசங்க ரெண்டு பேரும் வூட்ல குந்தினுகீறாங்களாம்."

'கடலுக்குப் போகிறவரா' என்ற கட்டம்.
டிக் செய்தால் ஆம் என்று வரும்.
செய்யாவிட்டால்
இல்லை என்று சொல்லக்கூட வராது,
வரிசையில் தன் இடத்தையும் விட்டுவிடும்.
எல்லப்பனின் டிக் பூச்சியத்துக்கு ஏறியது,
வேலுநாதனுடையது ஒன்றுக்கு.
வின்ச்சில் கால் போய் எட்டு வருஷமாகக்
கரையில் இருக்கும் பாளையம்
ஆவணத்தில் அலை தாண்டிப் போனார்,
பக்கத்தில் மனைவி.

இனி அடைப்புக்குள் காலி விடக் கூடாது இங்கே.
ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் எண்ணை
நானே உள்ளே எழுதினேன்.

சரியாயிற்று என்று நினைத்தேன்.
போகும்போது படியில் நின்று திரும்பினாள்.
"எட்டாவது ஒண்ணு போட்டிருந்தேனே?"

போட்டிருந்தாள்.
உறவு: மருமகள் வயிற்றில். பெயர்: வெறுமை.
பெயரில்லாத வரிகளை வடிகட்டி எறிய
ஒரு வரி நிரல் வைத்திருந்தேன்,
பெரிய சாமர்த்தியம் என்று.

"பேரு வெக்கல, அவ்ளோதான்.
ஆர்எஸ்ஆர்எம்ல தேதி குடுத்துகீறாங்க.
ஆளு கீது."

கீழே மிஷின் மறுபடி ஐஸை மெல்லத் தொடங்கியது.
வடிகட்டியை எடுத்துவிட்டுத் திரையைப் புதுப்பித்தேன்.
ஏழு என்ற எண்ணுக்கு எதிரே
மேற்கோள் குறிகள் இரண்டு,
நடுவில் ஒன்றும் இல்லாமல்,
வந்து நின்றன.