ஏழு படிகள்

ஏரி என்றால் குணவதி திருத்துவாள்:
நீர்த்தேக்கம்.
பத்தொன்பது வருடம் தண்ணீர்க் கட்டணப் பிரிவில் இருந்தவள்,
அலைக்குக்கூட அவளிடம் கணக்கு உண்டு.
சரி, நீர்த்தேக்கம் என்றேன்.
பலகைப் பாதைக்குக் கீழே ஓர் ஆமை
எங்கள் இருவர் பக்கமும் சேராமல்
முழுகிப் போனது.

காலை ஏழே கால்.
கேசுவரினா சாலை முனையில் கட்டி வாங்கிய பரோட்டா
முதுகுப்பைக்குள் இன்னும் சூடாக,
யாரோ முதுகில் கைவைத்து
மெல்லத் தள்ளுவதுபோல்.
எதிரே வந்த நடைக்கூட்டம்
ஆளுக்கொரு மார்னிங் சொல்லிக் கடந்தது.
இருபத்தாறு மார்னிங்.
இருபத்தேழாமவருக்கு
எங்களிடம் தலையசைப்புதான் மிச்சம்.

பழைய தாம்சன் சாலையைத் தாண்டும்போது
தலைக்கு மேலே கயிற்றுப் பாலம்.
குரங்குகளுக்காம்.
"நமக்கு?" என்றாள் குணவதி,
முட்டியைப் பிடித்துக்கொண்டு.

காட்டுக்குள் முதலில் தெரிந்தது சுவரல்ல, செடி.
யாரோ ஆசையாய் நட்ட சிவப்புக் குரோட்டன்
வேலி போன பிறகும்
வேலியின் வரிசையிலேயே நின்றது.
அப்புறம் ஒரு சிமெண்டுத் தொட்டி.
அப்புறம் படிகள்.
ஏழு.
எட்டாவது இடத்தில் வீடில்லை,
கூடத்து நடுவே ஒரு ரம்புத்தான் மரம்,
கால் நீட்டி உட்கார்ந்த விருந்தாளி மாதிரி
வேரை நீட்டிக்கொண்டு.

ஹைனானியர் ஊர் இது என்றது பலகை.
சில வரிகள். அவ்வளவில் ஊர் முடிந்திருந்தது.

மூன்றாம் படியில் உட்கார்ந்தோம்.
எறும்பு என்று அவள் சப்பாத்தைக் கழற்ற
எனக்கும் ஏதோ ஊர்ந்தது.
உதறிவிட்டு, பழக்க தோஷம்,
முதல் படிக்குக் கீழே
ஜோடி சேர்த்து வைத்தோம்.
வைத்த பிறகுதான் கவனித்தோம்,
உள்ளே ஆள் இருக்கிறது என்று
நான்கு சப்பாத்துகளும்
போவோர் வருவோரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை.

ஓடிவந்த பையன் ஒருவன்
அங்கேயே நின்றுவிட்டான்.
படியில் கால் வைக்கவில்லை.
"ஆன்ட்டி, பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம்?"
குழம்புக் கையை நீட்டி,
"தொட்டியைத் தாண்டி வலப்பக்கம்" என்றாள் குணவதி,
மூன்று பிள்ளைகளை
இதே வாசலிலிருந்து பள்ளிக்கு அனுப்பியவள் போல.
எங்களுக்கே வழி தெரியாது.

அவன் போனதும் சொன்னாள்:
"எங்க பிளாக்குக்கும் கடிதம் வந்தாச்சு."
புது வீடு தருவார்கள்,
பக்கத்துப் பேட்டையிலேயே, நல்ல காற்று.
கவலையில்லை.
கட்டணப் பிரிவு சந்தேகம் ஒன்றுதான்:
"தரை வீட்டுக்குப் படி மிஞ்சியிருக்கு.
பதினோராம் மாடி வாசல்
இடிச்ச பிறகு எங்க இருக்கும்?"

அண்ணாந்தேன்.
ஏறக்குறைய அந்த உயரத்தில்
வயிற்றில் குட்டியோடு ஒரு குரங்கு
ஒன்றுமில்லாத இடத்தில் கால்வைத்து
அடுத்த மரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.
"அங்கதான்" என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள்,
கிளை கிளையாக.
ஒன்பதில் நிறுத்தி
மறுபடியும் முதலிலிருந்து.

காகிதத்தை மடித்துப் பையில் போட்டோம்.
சப்பாத்தை மாட்டியதும்
வீடு காலியானது.

அவள் சொன்ன வழியிலேயே நடந்தோம்.
தொட்டியைத் தாண்டி வலப்பக்கம்
பஸ் நிறுத்தம் இல்லை,
பாதையே இல்லை.
ஈரமண்ணில் அந்தப் பையனின் தடம் மட்டும்
கொஞ்ச தூரம் போய்
திரும்பி வந்திருந்தது.