இரண்டாம் அலை

திங்கட்கிழமை கடிதம் வந்தது.
கிளாராப் சதுக்கத்துக் கடையின் பின்னறையில்
ரெட்டோ அதன் மேல் கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னான்:
"ஜெர்மனி முதல் அலை. பிரான்சும்.
நாங்கள் இரண்டாவது. மூன்று கிழமை பிந்தும்."

அலை என்றால் எனக்கு வேறு ஞாபகம்.
பெட்டிகளை அடுக்கினேன்.

ஏன் என்று கேட்டு வருகிறவர்களுக்கு
ஒரு பதில் தயாரித்தோம்:
ஒன்பது மில்லியன் பேர்தான் இந்த நாட்டில்,
அவர்களுக்கு அட்டையில் மூன்று மொழி வேண்டும்,
உத்தரவாதத் தாளிலும் மூன்று,
எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் சுவரில்
அயல்நாடு எதற்கும் ஒத்துவராத மூன்று கண் துளை.
"ஆமாம், பிளக்," என்று தலையாட்டிப் போனார்கள்.
காத்திருந்து பழகாதவனைக்
காத்திருக்கச் சொன்னால் முகம் எப்படிப் போகும் என்று
அந்தக் கிழமை முழுக்கப் பார்த்தேன்.
கொஞ்சம் ரசித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன்.
எட்டாம் இலக்க டிராம்.
கிளைன்ஹூனிங்கன் தாண்டினால் எல்லை,
டிராம் அதற்கென்று ஒரு மணிகூட அடிப்பதில்லை.
வைல் ஊரில் கடைவாசலில் நாற்பது பேர்,
முப்பது பேர் பாஸல்காரர்,
அதில் ஒருவருக்குச் செவ்வாய்க்கிழமை
நான்தான் பிளக் கதை சொன்னேன்.
இருவரும் வானத்தைப் பார்த்தோம்.

பச்சைத் தாளில் ஜெர்மன் முத்திரை.
இந்தப் பக்கம் சுவிஸ் வரி,
எட்டு வீதமும் சில்லறையும்.
ரசீதோடு கள்ளக்கடத்தல் செய்தவன்
எங்கள் பரம்பரையில் நான் முதல் ஆள்.

வீட்டில் வயரை எடுத்துச் சுவரில் செருகினேன்.
மெல்லிய இரண்டு கம்பி
மூன்று கண் துளைக்குள்
மாமன் வீட்டுக்குள் போவதுபோலப் போயிற்று.
போகும் என்று எனக்குத் தெரியும்,
ரெட்டோவுக்குத் தெரியும்,
வீட்டில் ஃபோன் சார்ஜர் வைத்திருக்கிற
ஒன்பது மில்லியன் பேருக்கும் தெரியும்.
காரணம் என்பது பொருந்த வேண்டியதில்லை,
கையில் பிடிக்க ஏதாவது இருந்தால் போதும்.

திரை கேட்டது: உங்கள் நாடு?
ஜெர்மன் அகரவரிசை.
சுவீடன்,
அடுத்து நேரே ஸ்பெயின்.
ஸ்பெயின்,
அடுத்து நேரே தென்கொரியா.
இரண்டு இடைவெளி.
ஒன்றில் வாடகை கட்டுகிறேன்,
மற்றதில் பிறந்தேன்.

எங்கோ ஒரு பதினேழாம் மாடியில்
ஒருத்தி அட்டவணையைத் திறந்திருப்பாள்.
பொல்லாதவள் இல்லை.
கப்பலுக்கு இத்தனை பெட்டி,
இந்த நாட்டில் இத்தனை கடன் அட்டை,
போன முறை இத்தனை விற்றது,
எதிரி நிறுவனம் எங்கே முந்துகிறது,
மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்தாக வேண்டும்.
கடைசிக் கட்டத்தில் "ஏனையவை" என்று அடித்துவிட்டுப்
பசியோடு எழுந்திருப்பாள்.
ஏனையவைக்குத் தேதிக் கட்டம் கிடையாது.

ஜெர்மனி என்று அழுத்தினேன்.
வில்கொம்மன் என்றது.

ஞாயிறு மதியம் தர்சிகனின் அழைப்பு,
சாவகச்சேரியிலிருந்து, வீடியோவில்.
அவனுடைய கேம் கடையில்
ஸ்டெபிலைசர் உறுமுகிறது, மின்விசிறி ஆடுகிறது,
நடுவில் அதே பெட்டி.
ஒசாக்காவில் வாங்கி, சிங்கப்பூரில் கைமாறி,
யாரோ ஒருவரின் சூட்கேஸில்
நாலு சாரத்துக்குள் சுருண்டு வந்திருக்கிறது.
மணிக்கு முன்னூறு ரூபா.
நாடு என்ற இடத்தில் ஜப்பான்.
திரை முழுக்க ஜப்பான் எழுத்து,
பெடியள் ஒன்றையும் வாசிப்பதில்லை:
மேலேயிருந்து மூன்றாவது வரி,
வலப்பக்கம் இரண்டு தட்டு, அழுத்து,
பந்து உருளத் தொடங்குகிறது.

"அண்ணை, உங்கட நாட்டில வந்திட்டுதோ?"

என் பின்னால் அது நீலமாக மினுங்கிக்கொண்டிருந்தது.
ஃபோனைச் சற்றே திருப்பிப் பிடித்தேன்.

"இன்னும் இல்லையடா," என்றேன்.
சட்டப்படி அது உண்மை.