இரண்டு வருடமாகப் பதினைந்து

ரெட்ரூத் நிறுத்தத்தில் ஏறும் மோர்வென்னாவுக்கு
இரண்டு வருடமாக வயது பதினைந்து.
தோளைக் குறுக்கி, குரலை மெலித்து,
"ட்ரூரோ, அரை டிக்கெட்" என்பாள்.
தச்சுப் படிப்பின் மரத்தூள் ஒட்டிய சட்டைக் கையை
முதுகுக்குப் பின் ஒளித்துக்கொள்வாள்.
நான் கேட்டதில்லை.
கார்ன்வால் மழையில் கேட்க மனம் வராது.

சில வியாழக்கிழமைகளில் அவள் வரவே மாட்டாள்.
காலி இருக்கையும்
அதே டீசலைத்தான் குடித்தது.

இந்தத் திங்கள் முதல்
பத்தொன்பது வயதுக்குள் யாராயிருந்தாலும்
ஒரு பவுண்டு.
ஏறினாள். நாணயத்தை வைத்தாள்.
"பதினேழு" என்றாள்,
கடைசி வரிசை திரும்பிப் பார்க்கும்படி.

நான் கேட்கவே இல்லையே, பெண்ணே.

கேம்போர்ன் கிழவர்கள் சிரித்தார்கள்.
வண்டியை எடுத்தேன்.
கண்ணாடியில் பார்த்தால்
காலை நீட்டி,
இருக்கை நிறைய உட்கார்ந்திருக்கிறாள்.