சரிவில்லாத ஊர்

திறப்பைத் திருகினால் 'டிக்'.
அவ்வளவுதான்.
இணுவிலில், மாப்பிள்ளை பின் சீற்றில்,
தலைப்பாகை கூரையில் முட்ட,
வெளியே நாதஸ்வரக்காரர் மூச்சைப் பிடித்து நிற்க,
மறுபடியும் 'டிக்'.

ஒட்டோ கியரைத் தள்ளி ஸ்ராட் பண்ணேலாது.
தெரிந்தும் ஏழு பேர் தள்ளினார்கள்,
பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.
இரண்டரைத் தொன் லாண்ட் குரூசர்
மரியாதைக்கு ஓரடி நகர்ந்தது.
மாப்பிள்ளை போனது லாண்ட்மாஸ்டரில்.
படம் எடுத்த பொடியன் மட்டும் சந்தோசப்பட்டான்.

ஆள் இறங்கிப் போனபிறகு
இருபத்திரண்டாம் திருகலில் அது தானாய்ப் பிடித்தது.
அன்றிலிருந்து குணநாயகம் எஞ்சினை நிற்பாட்டப் பயந்தார்.
மானிப்பாயில் ஒரு செத்தவீடு,
சுண்ணப்பாட்டு முடியும் மட்டும்
படலைக்கு வெளியே எட்டுச் சிலிண்டரும்
பெற்றோல் குடித்துக்கொண்டு நின்றன.
சரிவாய்ப் பார்த்து விடுங்கோ என்றாராம் யாரோ.
ஒட்டோவுக்குச் சரிவும் உதவாது,
அது வேறை.
யாழ்ப்பாணத்தில் சரிவுக்கு எங்கே போவது?
கீரிமலைக்கே பெயரில்தான் மலை.

கொண்டாவிலுக்கு, என்னிடம்,
செவ்வாய்க்கிழமை உறுமிக்கொண்டே வந்தது.
"நிற்பாட்டட்டோ?" என்றார்,
டாக்குத்தரிடம் கேட்கிற குரலில்.
நிற்பாட்டினார்.
பக்கத்து மா மில்லின் சத்தம்
அப்போதுதான் கேட்டது.

மற்ற வாகனங்களில் ஸ்ராட்டர்
கீழே, பக்கத்தில், கை போகிற இடத்தில்.
இதில் இரண்டு வரிசைச் சிலிண்டருக்கு நடுவில்,
பள்ளத்தில், மேலே மனிபோல்ட் மூடி.
ஜப்பானில் யாரோ ஒருவன்
இது பழுதாகவே ஆகாது என்று நம்பியிருக்கிறான்.

பற்றறியின் கறுப்பு வயர் முதலில்.
பிறகு பெற்றோல் லைன், தண்ணிக் குழாய்,
இருபத்தைந்து வருச வெக்கையில்
பொரித்த பப்படமாய்ப்போன பிளாஸ்ரிக் பிளக்குகள்.
ஒன்று நொறுங்கியது.
சொல்லவில்லை.
பிறகு சொன்னேன்.

நானும் சுகிர்தனும்
சோற்றுக் கிடாரம் தூக்குவதுபோல் மனிபோல்ட்டைத் தூக்க,
கீழே எலி வீடு.
மல்லிகை கோத்த நூல், சீற்றுப் பஞ்சு,
வேப்பங்கொட்டை,
'சுபமுகூர்த்த' வரைக்கும் மிச்சம் விட்ட அழைப்பிதழ்,
முன்னம் கைவைத்த எவனோ தொலைத்த
பத்தாம் நம்பர் சொக்கற்.
கழுவி என் பெட்டியில் போட்டேன்.

திறந்து கிடந்த எட்டு வாயிலும்
என் பழைய சேலையின் எட்டுத் துண்டு.
ஒரு நட் உள்ளே விழுந்தால்
நாலு கலியாணத்து வாடகை போகும்.

போல்ட் இரண்டே இரண்டு.
பின்னாலுள்ளதுக்குச் சுகிர்தனின் கை போகாது.
என் கை போகும்.
இந்தக் கராஜில் என்னைச் சேர்த்ததே
இந்தக் கைக்காகத்தான்.
வயரிங் பிறகு பழகினது.

மாற்று மோட்டர் பஞ்சிகாவத்தையிலிருந்து
இரவு பஸ்சில், உரப்பையில்,
பலாப்பழங்களோடு வந்தது.
நிலத்தில் வைத்து ஜம்பர் வயரைத் தொட்டேன்.
துள்ளியது.
செருப்புக் காலால் மிதித்துப் பிடித்தேன்.

மூடுகிற நேரம் துண்டுகளை எண்ணினால் ஏழு.
திரும்ப எண்ணினேன். ஏழு.
ரோச் அடித்து ஒவ்வொரு வாயாய்ப் பார்த்தேன்.
முதுகில் வேர்வை எறும்பாய் இறங்க,
சுகிர்தன் நெற்றியைத் துடைத்தான்,
எட்டாவது துண்டால்.
நான் பேசின பேச்சு இங்கே வேண்டாம்.

திருகினார்.
பிடித்தது.
நிற்பாட்டித் திருகினார், பிடித்தது.
ஒன்பது தடவை,
லைற் சுவிச்சைக் கண்டுபிடித்த பிள்ளை மாதிரி.

பழையதை ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன்.
தேய்ந்தது
விரல் நகமளவு செம்பு, இரண்டு துண்டு.
மற்றதெல்லாம் நல்லாய்த்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சுன்னாகம் தபால் கந்தோருக்கு முன்னால்
அதே வாகனம்.
உள்ளே ஆளில்லை, எஞ்சின் ஓடுகிறது.
முத்திரையோடு வெளியே வந்தவரிடம்
"இனி நிற்பாட்டலாமே, அண்ணை?" என்றேன்.

"நிற்பாட்டலாம்தானே," என்றார்,
ஏறிக் கதவைச் சாத்தியபடி.