இடைவேளைக்கு முந்தின நாய்

வியாழன் விடியப்புறம் நாலரைக்கு
கொழும்பு பஸ்ஸில இருந்து பெட்டி இறங்கும்.
கறுப்புப் பெட்டி. ஒரு றாத்தல் பாணளவு.
வெள்ளிக்கிழமையின்ர சண்டை, காதல், மழை எல்லாம்
அதுக்குள்ள பூட்டிக் கிடக்கும்.
ஓட்டோவின்ர பின்சீற்றில இருத்தி
சாறத்தால சுத்திக் கட்டி
ஆஸ்பத்திரி வீதிப் பள்ளங்களை
ஒவ்வொண்டாய் விலத்திக்கொண்டு போவன்.
கூலி கேக்கிறேல்ல.
கூலி ராத்திரித்தான்.

சாவி மெயிலில வரப் பதினொண்டு ஆகும்.
மேல அறையில மரியநேசன் லாம்பைக் கொளுத்துவான்.
கீழ அறுநூற்றிப் பன்னிரண்டு கதிரை, நான் ஒருத்தன்.
விரும்பின இடத்தில இருக்கலாம் எண்டு நினையாதேங்கோ.
"வலப்பக்கம் போ! இப்ப பின்னுக்கு! பல்கனியில ஏறு,
சத்தம் இரையுதோ?"
ஓடி ஓடி இருக்கோணும்.

ஊர் பாக்க முன்னம் நான் பாத்திடுவன்.
ஸ்ராண்டில அதால எனக்கொரு மதிப்பு.
குகபாலன் தன்ர தேத்தண்ணியை நீட்டுவான்,
"அண்ணை, கதை என்ன?"

நான் பாக்கிறது எவ்வளவு எண்டு
அவனுக்குச் சொன்னதில்ல.
முதல் பத்து நிமிஷம்.
ஒரு பாட்டில பாதி, பேஸ் பாக்க.
இடைவேளைக்கு வெடிக்கிற வெடி.
கடைசிச் சண்டை, பேர் ஓடுற வரைக்கும்.
மரியநேசனும் நித்திரை கொள்ளோணுமே.
பதினாறு வருஷமாய் எல்லாப் படத்தின்ர பிறப்பும் தெரியும்,
செத்தவீடும் தெரியும்.
நடுவில சீவிச்சதைக் காசு குடுத்த சனம் பாக்கும்.

அதால நடுவை நானே கட்டிச் சொல்லுவன்.
ஒருக்கா வில்லனைக் கதாநாயகிக்குச் சித்தப்பன் ஆக்கினன்.
படம் பாத்திட்டு வந்த குகபாலன் சொன்னான்,
"உங்கட சித்தப்பன்தான் திறம்."

இந்தக் கிழமைப் படத்தில ஒரு நாய்.
மண்ணிறம், இடக்காது கிழிஞ்சது.
அவன் பாணைப் பிய்ச்சுப் போடுறான்,
அது தின்னாமல் அவனைப் பாக்குது.
அந்தப் பார்வையை ஒருத்தரும் பழக்கியிருக்கேலாது.
கடைசியில வீடு எரியுது.
அவன் வாறான், அவள் வாறாள், ஒரு பொடியன் வாறான்.
பேர் ஓடத் தொடங்கீட்டுது.

"மரியநேசன், நாய்?"
"எந்த நாய்? பின் ஸ்பீக்கர் வேலை செய்யுதோ?"

வெள்ளி முதல் ஷோ விட்டுச் சனம் வர
கேற்றடியில ஹயர் பிடியாமல் நிண்டு கேட்டன்.
கம்பஸ் பொடியள், "பைற் வேற லெவல்."
ஒரு அம்மா, "நல்லா அழுதன் தம்பி."
தின்னவேலிக்கு ஏத்தின பெட்டை
போனில இருந்து தலையெடுக்காமல்
"நாய் இருந்ததோ அண்ணா?"

சனிக்கிழமை ரெண்டரைக் காட்சி. எண்ணூறு ரூபா.
கவுண்டரில நிர்மலன் சிரிச்சான்,
"நீங்களோ? காசோ?"

ஒரே கதிரையில எழும்பாமல் இருந்தன்.
முக்கால்வாசி கலியாணவீடு.
நான் கட்டி வைச்ச நடுவுக்கும் இதுக்கும்
ஒரு சொந்தமும் இல்ல.
நாயையும் காணேல்ல.
இடைவேளைக்குக் கச்சான் வாங்கினன், தின்னேல்ல.

பிறகு ஒரு பாட்டு.
ரெண்டு பேரும் லொறியில ஏறி ஊரை விட்டுப் போகினம்.
கமரா அவளின்ர தலைமயிரில நிக்குது.
பின்னால, மங்கலாய், றோட்டுப் புழுதிக்குள்ள
ஏதோ ஒண்டு ஓடி வருது.
மண்ணிறம்.
ரெண்டு செக்கன், மிஞ்சினால் மூண்டு.
பிறகு வளைவு.

பக்கத்துக் கதிரைக்காரர் போன் நோண்டிக்கொண்டிருந்தார்.
என்னை அறியாமல் அவற்ற கையில தட்டிப்போட்டன்,
"அந்தா!"
"என்ன?" எண்டார்.
அதுக்கிடையில அவள் சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

கடைசிச் சண்டைக்கு நான் நிக்கேல்ல.
அது ஓசியில பாத்தது.
வெளியால வெயில்.
ஓட்டோ சீற் சுட்டது.