மாற்றமில்லை

மண்டபம் ஐஸ் பிளாண்டில் இரவு எடைமேடை எனக்கு.
ஒன்றுக்கும் மூன்றரைக்கும் நடுவே வண்டி வராது.
அப்போதுதான் விக்கியில் ஊர்களைத் திருத்துவேன்.
கையால் இல்லை,
பைத்தானில் எழுதிய தானியங்கி.
கணக்குத் தொடங்கையில் பெயர் கேட்டது.
'கச்சான்' என்று தட்டினேன்.
வெளியே அதுதான் அடித்துக்கொண்டிருந்தது.

முதலில் ரெகெக்ஸை நம்பினேன்.
இரட்டை அடைப்புக்குள் இரட்டை அடைப்பு,
அதற்குள் ஓர் இணைப்பு,
இணைப்புக்கு நடுவே ஒரு நெட்டைக் கோடு.
அந்தக் கோடு உள்ளே இருப்பவனுடையதா
வெளியே இருப்பவனுடையதா,
என் ரெகெக்ஸுக்குப் பிடிபடவில்லை.
தொண்டியின் அஞ்சல் எண்ணை எடுத்து
மக்கள்தொகையில் வைத்துவிட்டது.
ஆறு நிமிடம் தொண்டியில்
ஆறு இலட்சத்து இருபத்து மூவாயிரத்துச் சொச்சம் பேர்
வாழ்ந்தார்கள்.
யாரோ வந்து மீளமைத்தார். திட்டவில்லை.

அப்புறம்தான் அந்த நூலகத்தை நிறுவினேன்.
பக்கத்தை அது எழுத்துச் சரமாகப் பார்ப்பதில்லை.
வார்ப்புரு ஒரு கணு,
அதன் அளபுரு அதிலிருந்து கிளைத்த கணு,
இணைப்பு, தலைப்பு, மேற்கோள்,
எதற்கும் தாய் யார் என்று அதற்குத் தெரியும்.
எனக்குப் பிடித்தது வேறு:
நான் தொடாததை அதுவும் தொடாது.
சமக்குறிக்கு முன்னால் எவரோ விட்ட நான்கு இடைவெளி,
சாய்வெழுத்தைத் திறந்துவிட்டு மூட மறந்த இரண்டு கொக்கி,
எல்லாம் இருந்தபடி திரும்பும்.
பிரித்ததைத் திரும்பக் கோத்தால்
ஓர் எழுத்து கூடாது, குறையாது.

என் எடைமேடையில் அது நடந்ததே இல்லை.
ஏறும்போது ஐம்பது கிலோ,
பாம்பன் போய் இறங்கும்போது நாற்பத்தாறு.

நேற்று நூற்றுநாற்பது கடலோர ஊர்கள்.
புதிய மக்கள்தொகைப் பட்டியல் கையில்.
கீழக்கரை, சரி.
ஏர்வாடி, சரி.
வாலிநோக்கம், மாற்றமில்லை.
இலங்கைக்கு வரவேற்கிறோம் என்றது செல்போன்,
காற்று திரும்பினால் அதற்கு நாடு மாறிவிடும்.
மூக்கையூர், சரி.
அரியாம்பாடு,
பிழை. எண் எதிர்பார்க்கப்பட்டது.

அளபுருவைப் பிரித்துப் பார்த்தேன்.
இரண்டு கணு.
முதல் கணு 212.
இரண்டாவது, படிப்பவர் கண்ணில் படாத குறிப்பு,
தொகு பொத்தானை அழுத்துகிறவருக்கு மட்டும்:

'வீடு வீடா எண்ணுனோம்.
மூணு பேர் அந்தப் பக்கம் ஜெயில்ல இருக்காங்க.
209ன்னு மாத்தாதீங்க.
சவரியாயி.'

வரலாற்றில் தேடினேன்.
அவள் செய்த ஒரே தொகுப்பு அது.
முன்னும் இல்லை பின்னும் இல்லை.

என் பட்டியலில் 197.
குறிப்புகளை உதிர்த்துவிட ஒரு கட்டளை இருக்கிறது,
ஒரே வரி. உதிர்த்தால்
சுத்தமான எண் மிஞ்சும், ஓட்டம் தொடரும்.
பாதி தட்டியிருப்பேன்,
வெளியே ஹாரன்.

அசன் கனியின் குட்டியானை. நண்டுப் பெட்டிக்கு ஐஸ்.
அரியாம்பாட்டுக்குத்தான் போகிறான்.
கேட்டுவிட்டேன்:
"அந்த மூணு பேரு வந்துட்டாங்களா?"

தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டான்:
"எந்த மூணு பேரு?
தை மாசம் போனவங்களா,
அதுக்கு முந்திப் போனவங்களா?"

பன்னிரண்டு கட்டி ஏற்றினோம்.
ரசீதில் எழுதிய எடையை
அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

திரும்பி வந்து விலக்குப் பட்டியலில் ஓர் ஊரைச் சேர்த்தேன்.
மாற்றம் இல்லாத பக்கத்துக்குத்
தொகுப்புச் சுருக்கம் எழுத இடம் கிடையாது.
நான் அங்கே வந்துபோனது எதிலும் பதியாது.
கறுப்புத் திரையில் மட்டும் ஒரு வரி,
அரியாம்பாடு, தாண்டப்பட்டது,
அதற்குக் கீழே தேவிபட்டினம், சரி,
திருப்பாலைக்குடி, சரி,
இன்னும் எண்பத்தேழு.