அடுத்த முறை பார்க்கலாம்

குக்குரி இடது கையால் பையை நீட்டினான்.
வலது மணிக்கட்டில் ஈரத்துண்டு.
"ஒன்பதாம் மாடி, லாமாரா.
லிஃப்டில் போடச் சில்லறை இல்லை,
நடந்தே இறங்கினேன்" என்றான்,
வீக்கத்துக்குக் காரணம் படிகள் என்பதுபோல.

பைக்குள் பக்கக் கைப்பிடி
நான் சுற்றிக்கொடுத்த செய்தித்தாளிலேயே கிடந்தது.
முடிச்சுகூட அவிழவில்லை.

க்ல்டானியில் சுவர்களெல்லாம்
அச்சில் வார்த்துக் கிரேன் தூக்கி நட்டவை.
உள்ளே கம்பி எங்கே ஓடுகிறதென்று
வார்த்தவர்களுக்கே நினைவிருக்காது.
பால்கனியை அறையாக்குகிறவன்,
கொதிகலனுக்குப் புகைக்குழாய் விடுகிறவன்,
செத்த மாமனாரின் படத்தை மாட்ட
இடம் தேடுகிறவள்,
டிப்ளிசியின் இந்த முனையில்
எல்லாரும் என் நிலவறைக்குத்தான் வருகிறார்கள்.
எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான்:

அழுத்தாதே. அடிக்க அதற்குத் தெரியும்.
பிட்டின் காம்பில் கிரீஸ் தடவு, கடுகளவு.
டக்கென்று பூட்டியதும் இழுத்துப் பார்,
கையோடு வந்தால் பூட்டவில்லை.
கொஞ்சம் போனதும் வெளியே எடு, மாவைத் துப்பட்டும்.
அது கோதுமை மாவு இல்லை, மூக்கைக் கட்டு.
மோட்டார் முழுதாய் நின்றபிறகு குமிழைத் திருப்பு.
கண்ணாடி போடு. காதை அடை.
கைப்பிடியை மாட்டு.
கைப்பிடியை மாட்டு.

தலையாட்டுவார்கள்.
பூசை நீளும்போது பாதிரியாருக்கு ஆட்டுவார்களே, அப்படி.

குக்குரி துளைத்தது ஒரு மூலையில்.
ஃப்ரிட்ஜில் இடிக்கும் என்று
கைப்பிடியை மாட்டவே இல்லை.
ஏழாவது துளையில் கம்பி.
பிட் நின்றது.
மெஷின் நிற்கவில்லை.
எதையாவது சுற்றியாக வேண்டும் அதற்கு,
கிடைத்தது அவன் கை.

திட்டுவதற்கு நல்ல சொற்களாய் எடுத்து வைத்திருந்தேன்.
அதற்குள் வாடகை எவ்வளவென்று கேட்டான்,
பர்ஸின் ஜிப்பைப் பல்லால் இழுத்துக்கொண்டே.
முதலில் எக்ஸ்ரே எடு என்றேன்.
பணத்தையும் வாங்கிக்கொண்டேன்.

அவன் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்
திருகுகளைக் கழற்றினேன்.
மூக்கிலிருக்கும் தூசுத்தொப்பியில் கிழிசல் இல்லை.
கார்பன் பிரஷ் இரண்டிலும் பாதி மிச்சம்.
வயர் தோலுரியவில்லை.
அப்புறம் கிளட்ச்.

பிட் சிக்கினால் நழுவ வேண்டியது.
நழுவுவதற்கென்றே அங்கே இருப்பது.
துருவும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து
பற்களை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.
உளி வைத்துத் தட்டித்தான் பிரிக்க முடிந்தது.

நோட்டை எடுத்தேன்.
பதினேழாம் நம்பர். மார்ச்.
என் கையெழுத்து:
"கிளட்ச் இறுக்கம். அடுத்த முறை பார்க்கலாம்."
அதன்கீழே பதினொரு பெயர்கள்.
கடைசிப் பெயர் குக்குரி.

நோட்டை மூடி,
திரும்பத் திறந்து,
தேநீர் போட்டேன். குடிக்கவில்லை.

புதுக் கிளட்ச் போட்டு முடிக்கையில் இருட்டிவிட்டது.
வாசலில் சோதனைக் கல் இருக்கிறது,
உடல் முழுக்கத் துளைகள்,
மழை பெய்தால் துளைக்கொரு மிடறு தண்ணீர்.
அதில் கம்பி இருக்கும் இடம் எனக்குத் தெரியும்.
கைப்பிடியை மாட்டி, காலகற்றி நின்று,
வேண்டுமென்றே அதன்மேல் வைத்தேன்.
பிட் சிக்கியது.
கடகடவென்று கிளட்ச் நழுவியது.
கை கையாகவே இருந்தது.
விசையை விட்டேன். இன்னொரு முறை வைத்தேன்.
மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து
நேரம் தெரியவில்லையா என்று யாரோ கத்தினார்கள்.

வாடகைப் பணம், நோட்டு,
பத்து டெத்ரிக் காசுகள் ஒரு பிடி.
லிஃப்ட் காசை விழுங்கிவிட்டு யோசித்தது, பிறகு ஏறியது.
கதவைத் திறந்தவள் அவன் மனைவி நஸிப்ரோலா.
விரிசலாம், முறிவில்லையாம்,
ஆறு வாரம் கட்டு.
குக்குரி மேசையில்
இடது கையால் சூப்போடு போராடிக்கொண்டிருந்தான்.

மார்ச் மாதப் பக்கத்தை விரித்து அவன் முன் வைத்தேன்.
வாசித்தான்.
ரொட்டியை என் பக்கம் தள்ளினான்,
ஒன்றும் சொல்லவில்லை.
அது என்ன பதில் என்று
இன்றுவரை தெரியவில்லை.

அந்த மூலையைப் போய்ப் பார்த்தேன்.
ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி.
கைப்பிடியின் பிடியைத் தளர்த்தினால்
மெஷினின் கழுத்தைச் சுற்றி முழுவட்டம் திரும்பும்,
மேலே நிறுத்தி இறுக்கியிருந்தால் இடித்திருக்காது.
மாட்டு மாட்டு என்று இரண்டு முறை சொன்னேன்.
திரும்பும் என்று
ஒருவரிடமும் சொன்னதில்லை.